இறுக்க இறுக்கக் கசியும்: சிபாப் மாஸ்க்கைப் புரிந்துகொள்ள

தூக்கத்தில் மூச்சு அடைபடாமலிருக்க மாஸ்க் வழியே காற்று ஊதும் சிபாப் கருவி வீட்டுக்கு வந்த முதல் வாரம், காலையில் கண்ணாடியில் பார்த்தால் என் மூக்குத்தண்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு கிடக்கும். இரண்டு கன்னத்திலும் மாஸ்க் பட்டையின் தடம். இரவில் இடது கண்ணுக்குள் காற்று ஊதிக்கொண்டே இருந்ததால், அதை நிறுத்தப் பட்டையை இழுத்து இறுக்கியிருந்தேன். மறுநாளும் ஊதியது, இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஐந்தாம் நாள் மூக்குத்தண்டில் தோல் உரிந்துவிட்டது. காற்று மட்டும் நின்றபாடில்லை.

சிபாப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அது ஆக்சிஜன் கொடுக்கும் கருவி என்பார் ஒருவர். அதைப் போட்டுக்கொண்டால் தூங்கவே முடியாது என்பார் இன்னொருவர். நன்றாக இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. முதல் இரண்டையும் யாராவது ஒருநாள் திருத்திவிடுவார்கள். மூன்றாவதுதான் ஆபத்து. கேட்பதற்கு நியாயமாக இருக்கும், செய்தால் வலிக்கும், கடைசியில் கருவி பரணுக்குப் போய்விடும். மாஸ்க் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் இறுக்க வேண்டும் என்ற எண்ணமே வராது.

முதலில் தொண்டை

தீயணைப்பு வண்டியில் சுருட்டி வைத்திருக்கும் துணிக்குழாயைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இல்லாதபோது நாடாபோலத் தட்டையாகக் கிடக்கும். தண்ணீர் பாய்ந்ததும் உருண்டு திரண்டு நிற்கும். அதைத் திறந்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் அழுத்தம்தான்.

மூக்குக்குப் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையிலான நம் தொண்டைப் பகுதியும் ஏறக்குறைய அப்படித்தான். அதைச் சுற்றித் தாங்கிப் பிடிக்க எலும்பு வளையம் கிடையாது. தசைகள்தான் விரித்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது அவை தம் வேலையைச் சரியாகச் செய்யும். தூங்கினால் தளரும். எல்லோருக்கும் கொஞ்சம் தளரும். சிலருக்கு அதிகமாகத் தளர்ந்து வழி குறுகும். குறுகிய வழியில் காற்று போகும்போது சதை அதிர்வதுதான் குறட்டை. வழி முழுதாக மூடிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

தூக்கத்தில் இப்படித் தொண்டை அடைபட்டு மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 வினாடி நின்றால்தான் கணக்கில் எடுப்பார்கள். பாதி அடைப்புகளையும் சேர்த்து, மணிக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூளை பதறி எழுந்து தொண்டையைத் திறக்கிறது என்று அர்த்தம். தூங்கியவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. ‘குறட்டை விட்டு நன்றாகத் தூங்கினார்’ என்று வீட்டில் சொல்வார்கள். அவரோ பகலெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். மூளையே மூச்சுக்கான கட்டளையை அனுப்பத் தவறும் வகை ஒன்றும் உண்டு. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

சிபாப் செய்வது ஒரே வேலை: துணிக்குழாய்க்குள் தண்ணீர் பாய்வதுபோல, தொண்டைக்குள் ஓரளவு அழுத்தத்தை இரவு முழுதும் நிலையாக வைத்திருப்பது. ‘தொடர்ச்சியான நேர்மறைக் காற்றுவழி அழுத்தம்’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் சிபாப். உள்ளே இருப்பது ஒரு விசிறியும் ஒரு வடிகட்டியும். அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்து அனுப்புகிறது. தனியாக ஆக்சிஜன் எதுவும் சேர்ப்பதில்லை. வென்டிலேட்டர்போல நமக்காக மூச்சு விடுவதும் இல்லை. மூச்சு விடுவது நாம்தான். வழியைத் திறந்து வைப்பது மட்டுமே அதன் வேலை.

இந்த யோசனையை சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் தம் குழுவினருடன் சேர்ந்து வெளியிட்டார். அந்த ஆரம்ப நாட்களில் கடையில் வாங்க மாஸ்க் ஏது? நோயாளியின் மூக்கை அச்செடுத்து, ஃபைபர் கண்ணாடியில் மாஸ்க் வார்த்து, ஒவ்வொரு இரவும் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். காற்றுக்கு வேக்குவம் கிளீனரின் மோட்டார். இதைப் படித்தபிறகு என் மாஸ்க்கைப் பற்றிக் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அழுத்தம் எவ்வளவு? அதை நீரின் ஆழத்தால் அளக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளின் எல்லை 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர். 10 என்று வைத்திருந்தால், வாளித் தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் கை உணரும் அதே அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குதான்.

இதுவரை பார்த்தது: தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, மெல்லிய அழுத்தம் அதைத் திறந்து வைக்கிறது, வருவது சாதாரணக் காற்று. இந்த அழுத்தம் வழியில் ஒழுகாமல் தொண்டைக்குப் போய்ச் சேர வேண்டும். மாஸ்க்கின் வேலை அதுதான்.

கேஸ்கெட் சொல்லும் பாடம்

பிரஷர் குக்கரை அடுப்பில் வைத்ததும் சற்று நேரம் மூடியின் ஓரத்தில் ஆவி கசியும். அழுத்தம் ஏறியதும் கசிவு தானே நின்றுவிடும். ஆவியே கேஸ்கெட்டின் உதட்டை உள்ளிருந்து தள்ளி மூடியோடு ஒட்டவைக்கிறது. கேஸ்கெட் மடிந்தோ கோணலாகவோ இருந்தால், மூடியை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஆவி வரத்தான் செய்யும்.

மாஸ்க்கில் முகத்தைத் தொடும் சிலிகோன் விளிம்புக்குக் குஷன் என்று பெயர். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல மாஸ்க்குகளில் அது இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே தடித்த சுவர். அதன் மேல் சவ்வுபோல மெல்லிய ஒரு மடல். உள்ளே காற்று நிரம்பியதும் இந்த மடல் உப்பி, தோலின் மேடுபள்ளங்களில் தானாகப் படியும். கசிவை அடைப்பது இந்த மடல்தான், பட்டையில்லை. மாஸ்க் முகத்தில் அழுந்தி உட்காரக் கூடாது. காற்றின் மேல் லேசாக மிதக்க வேண்டும்.

அப்படியானால் பட்டை எதற்கு? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 10 சென்டிமீட்டர் நீர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 10 கிராம் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளுகிறது. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கின் வாய் 30 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300 கிராம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது 80 சதுர சென்டிமீட்டர் என்றால் 800 கிராம். பட்டை ஈடுகட்ட வேண்டியது இந்த அளவையும், தலை அசையும்போது நழுவாமலிருக்க இன்னும் கொஞ்சத்தையும்தான். அதற்கு மேல் நீங்கள் இழுக்கும் இழுப்பு முழுவதும் முகத்தில்தான் இறங்கும். முகத்தில் எலும்பின் மேல் தோல் மிக மெல்லியதாக இருக்கும் இடம் மூக்குத்தண்டு. என் சிவப்புக் கோட்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டதா?

இன்னொன்றும் நடக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய மடல் உப்ப இடமில்லாமல் நசுங்கும். நசுங்கிய துணிபோலச் சுருக்கம் விழும். ஒவ்வொரு சுருக்கமும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். மூக்கின் இரு பக்கமும் கண்ணோரத்தில் ஏற்கெனவே பள்ளம் இருப்பதால் வாய்க்கால் பெரும்பாலும் அங்கேதான் திறக்கும். காற்று நேரே கண்ணுக்குப் போகும். நாம் இன்னும் இறுக்குவோம்.

கசிவில் நல்லதும் உண்டு

மாஸ்க்கைப் போட்டதும் முன்பக்கத்துச் சிறு துளைகளிலிருந்து மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். புதிதாகப் போடுகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிடுகிறார்கள். ஒருவர் அந்தத் துளைகளை ஒட்டுநாடாவால் மூடியே விட்டாராம். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதீர்கள். நாம் வெளியே விடும் கரியமிலக் காற்று போவதற்கென்றே வைத்த துளைகள் அவை. சிபாப்பில் வரும் குழாய் ஒன்றுதான். வெளியேறத் தனிக் குழாய் கிடையாது. அந்தத் துளைகள் வழியாக இரவெல்லாம் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். போர்வையோ தலையணையோ அவற்றை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்ட கசிவு வருவது குஷனின் ஓரத்திலிருந்தோ வாய் வழியாகவோதான். கையை ஈரமாக்கி மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றி நகர்த்தினால் எங்கே ஊதுகிறது என்று குளிர்ச்சியிலேயே தெரிந்துவிடும். துளையின் சத்தம் மூச்சோடு சீராக வரும். ஓரக்கசிவு படபடவென்று அடிக்கும், சில சமயம் வேடிக்கையான சத்தங்களும் எழுப்பும். பக்கத்தில் படுத்திருப்பவர் சிரிப்பார். அதற்காக முறைத்துக்கொள்ள வேண்டாம்.

படுத்துக்கொண்டு கட்டுங்கள்

பெரும்பாலோர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கருவியை இயக்காமலே மாஸ்க்கை மாட்டிப் பட்டையைச் சரிசெய்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் முகமும் படுத்திருக்கும் முகமும் ஒன்றில்லை. படுத்தால் கன்னச்சதை பின்னுக்குச் சரியும், தாடை தளரும். உட்கார்ந்து கச்சிதமாகக் கட்டியது படுத்ததும் கசியும்.

பட்டைகளையெல்லாம் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து, கருவியை இயக்கிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுத்துக்கொள்ளுங்கள். காற்று வந்துகொண்டிருக்கும்போதே மாஸ்க்கை ஒரு விரற்கடை அளவு முன்னால் இழுத்து மெல்லத் திரும்ப விடுங்கள். ‘புஸ்’ என்று மடல் விரிந்து தானாகப் படிவது தோலில் தெரியும். அதன்பிறகு கீழ்ப்பட்டைகளை இரு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள், பிறகு மேல்பட்டைகள். கட்டி முடித்தபின் பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, அது இறுக்கம்.

ஒரு பொறி இருக்கிறது. பல கருவிகள் தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் ஊதி, பின்னர் மெதுவாக ஏற்றும். இந்த வசதிக்கு ராம்ப் என்று பெயர். 4-ல் கட்டிப் பார்த்தால் கசியாத மாஸ்க், நள்ளிரவில் 12-க்கு ஏறியதும் கசியத் தொடங்கும். ஆகவே கட்டிப் பார்க்கும்போது முழு அழுத்தத்தில் பாருங்கள். ‘மாஸ்க் பொருத்தம்’ சோதிக்கத் தனித் தேர்வே பல கருவிகளில் உண்டு.

நடு இரவில் கசிந்தால் என்ன செய்வது? கை தானாகப் பட்டைக்குப் போகும். போகவிடாதீர்கள். மாஸ்க்கை முன்னால் இழுத்து, காற்று உப்பவிட்டு, திரும்ப வையுங்கள். பாதித் தூக்கத்திலேயே செய்துவிடலாம். என் பட்டையில் சரியான இடத்தைக் குறித்துப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். துவைத்துக் காய்ந்தபிறகு மறுபடி தேட வேண்டியதில்லை.

சுருக்கமாக: படுத்த நிலை, முழு அழுத்தம், இரண்டு விரல் இடைவெளி. கசிந்தால் முதலில் தூக்கி வைப்பது, இறுக்குவது கடைசி.

எந்த வகை?

மாஸ்க்குகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். மூக்கு முழுவதையும் மூடுவது ஒன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமாஸ்க் இன்னொன்று. மூன்றாவது நாசித்தலையணை: இரண்டு சிறிய மென்கூம்புகள் நாசித் துவாரங்களின் வாயில் உட்காரும். மேலே போட்ட கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கூம்புகள் மூடும் பரப்பு சில சதுர சென்டிமீட்டர்தான். ஆகவே பட்டைக்கு அதிக வேலை இல்லை. மூக்குத்தண்டைத் தொடுவதும் இல்லை. மீசைதாடி வைத்திருப்பவர்களுக்கும், மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கும் நல்ல தோழன். அழுத்தம் மிக அதிகமாக வேண்டியவர்களுக்கு மட்டும் துவாரத்தில் ஊதுவது எரிச்சலாக இருக்கலாம்.

‘வாயால் மூச்சு விடுகிறேன், எனக்கு முழுமாஸ்க்தான்’ என்று பலர் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூக்கு அடைத்திருப்பதால்தான் வாய் திறக்கிறது என்றால், முதலில் மூக்கைக் கவனிப்பதே முறை. முழுமாஸ்க்கின் விளிம்பு நீளமானது, கசிய இடம் அதிகம். அதன் பட்டை கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளவும் கூடும். தாடை பின்னால் போனால் நாக்கும் தொண்டைப் பக்கம் போகும். அதனால் சிலருக்கு அழுத்தத்தையே கூட்ட வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே மூக்கால் மூச்சுவிட முடியாதவர்களுக்கு அது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அது அல்ல.

வகை சரியாக இருந்தும் அளவு தவறியிருக்கலாம். ஒரு தயாரிப்பில் நடுத்தர அளவு பொருந்தியவருக்கு இன்னொன்றில் சிறியது வேண்டியிருக்கும். பல மாஸ்க்குகளோடு காகித அளவுகோல் கிடைக்கும், அதை முகத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய அளவு இதமாக இருக்கும் என்பது காலணிக்கே பொருந்தாது. மாஸ்க் பெரிதானால் மேல்விளிம்பு கண்ணோரத்துக்கு ஏறி, அங்கே ஊதும்.

வறண்ட மூக்கு, ஈரக் குழாய்

மூக்கின் பாதி வேலை காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது. வெளியே விடும் மூச்சிலிருந்து அந்த ஈரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வாய் திறந்திருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் கெட்டுவிடுகிறது. கருவியின் காற்று மூக்கு வழியே நுழைந்து வாய் வழியே ஓடிவிடும். மூக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்ப எதுவும் வராது. வறண்ட மூக்கு வீங்கும், வீங்கினால் அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும்.

இந்தச் சுழலை உடைப்பது ஈரப்பதமூட்டி. கருவியோடு சேர்ந்த ஒரு சிறு தண்ணீர்த் தொட்டியும் அதைச் சூடாக்கும் தட்டும்தான் அது. உப்பு படியாமலிருக்கக் காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்ற வேண்டும். மிச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும். மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் உப்புநீர்த் துளி உதவும். அதற்கும் தீராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

ஈரத்தை அதிகமாக வைத்தால் வேறு தொல்லை. குளிர்ந்த அறையில் வெதுவெதுப்பான காற்று குழாய்க்குள் ஆறி நீராகிவிடும். நள்ளிரவில் மூக்கில் தண்ணீர் தெறிக்கும். கருவியைப் படுக்கையை விடத் தாழ்வாக வைத்தால் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் வடியும். குழாய்க்குத் துணி உறை போடலாம், அல்லது தானே சூடாகும் குழாயை வாங்கிக்கொள்ளலாம்.

தோலும் சுத்தமும்

இது எளிது. சிலிகோனுக்கு எண்ணெய் ஆகாது. முகத்தின் எண்ணெய்ப் பசை குஷனை வழுக்கச் செய்யும், நாளடைவில் மடலைத் தொளதொளப்பாக்கும். முகத்தைக் கழுவிவிட்டு மாட்டுங்கள், காலையில் குஷனை மென்மையான சோப்பில் அலசுங்கள். புண்ணுக்கு வாசலின் தடவி அதன் மேல் மாஸ்க் போடுவது குஷனைக் கெடுக்கும். மாஸ்க்குக்கென்றே மெல்லிய துணி விரிப்புகள் கிடைக்கின்றன, அவை தேவலை. நன்றாக இருந்த மாஸ்க் திடீரென்று கசியத் தொடங்கினால் உங்கள் முகத்தைச் சந்தேகிக்காதீர்கள், குஷனுக்கு வயதாகிவிட்டது.

காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: உங்களுக்கோ, அருகில் படுப்பவருக்கோ உடலுக்குள் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்க வேண்டாம்.

மூச்சு முட்டுகிறது என்ற பயம்

முகத்தை எதையாவது வைத்து மூடினால் மனம் பதறுவது இயற்கை. அதைத் தூக்க நேரத்தில் வெல்ல முயல்வதுதான் தவறு. பகலில் படித்துக்கொண்டோ பாட்டுக் கேட்டுக்கொண்டோ மாஸ்க்கை வெறுமனே கையில் பிடித்து முகத்தில் வையுங்கள். அது பழகியதும் பட்டையைப் போடுங்கள். பிறகு காற்றோடு கால் மணி நேரம். பிறகு மதியத் தூக்கம். ஒவ்வொரு படியையும் சலிப்புத் தட்டும் வரை செய்யுங்கள். சலிப்புத் தட்டிய இடத்தில் பயம் நிற்காது.

மூச்சை வெளியே விடும்போது எதிர்த்துத் தள்ளுவதுபோல இருந்தால், வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் அமைப்பு கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயிற்றில் காற்று நிறைந்து உப்புவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்த அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

தரையில் கிடக்கும் மாஸ்க்

போட்டுக்கொண்டுதான் தூங்கினோம், காலையில் பார்த்தால் மாஸ்க் தரையில் கிடக்கிறது. எப்போது கழற்றினோம் என்றே தெரியவில்லை. பலருக்கும் இது நடக்கும். கசிவு, மூக்கடைப்பு, போதாத அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று தூக்கத்தில் தொந்தரவு செய்திருக்கும், கை அனிச்சையாக இழுத்துப் போட்டிருக்கும். எத்தனை மணிக்குக் கழன்றது, அதற்கு முன் கசிவு எவ்வளவு என்பதைக் கருவியின் பதிவு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதை எடுத்துச் செல்லுங்கள்.

நாலரை மணிக்கு விழித்து மாஸ்க் முகத்தில் இல்லையென்று தெரிந்தால், ‘இனி விடிந்துவிடும்’ என்று விட்டுவிடத் தோன்றும். தேடி எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். கனவுகள் வரும் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்குத் தொண்டை நெடுநேரம் அடைபடுவதும் அந்தத் தூக்கத்தில்தான்.